கவனம்! பார்க்கில் நிற்கும் ஜீப்பும் உருளும்

ஓட்டோ கியர் ஜீப்போ டபிள் கெப்போ வைத்திருப்பவர்களுக்கு இது அவசரச் செய்தி. வாகனத்தை நிறுத்துகிறீர்கள். கியர்த் தடியைப் பார்க்கில் போடுகிறீர்கள். திறப்பும் கழன்று கைக்கு வந்துவிடுகிறது. இனி வாகனம் அசையாது என்ற நம்பிக்கையில் ஹாண்ட் பிறேக்கைத் தொடாமலே இறங்கி, பின்கதவைத் திறந்து சாமான் எடுக்கப் போகிறீர்கள். நிற்கும் இடம் சாவகச்சேரிச் சந்தை வாசல் என்றால் அநேகமாக ஒன்றும் நடக்காது. அதே வாகனம் மார்கழி விடுமுறையில் திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நின்றால், உங்களை இடித்துக்கொண்டு பின்னுக்கு வரலாம். தடி பார்க்கில் இருக்கும். கியர்ப் பெட்டி பார்க்கில் இராது.

எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் கையில் இருக்கும் தடிக்கும் கியர்ப் பெட்டிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தடியிலிருந்து ஒரு கேபிள் கீழே போகிறது. கேபிளின் மறுமுனை, பெட்டியின் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய நெம்பில் மாட்டப்பட்டிருக்கும். அந்த முனையைப் பிடித்து வைத்திருப்பது விரல்நுனி அளவான ஒரு புஷ், பிளாஸ்ரிக்கிலோ றப்பரிலோ செய்தது. அது தேய்ந்தால் தடி சொல்வதைப் பெட்டி அரைகுறையாகத்தான் கேட்கும். உடைந்து விழுந்தால் கேட்கவே கேட்காது. நீங்கள் டிறைவிலிருந்து பார்க்குக்குத் தள்ளுவீர்கள். பெட்டி நியூற்றலிலோ றிவேர்ஸிலோ டிறைவிலேயோ நின்றுவிடும்.

ஒரு சின்னப் புஷ்ஷுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பவர்களுக்கு: 2022 ஜூனில் ஃபோர்ட் நிறுவனம் இந்தப் புஷ் ஒன்றுக்காகவே அமெரிக்காவில் சுமார் 29 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. சாரதி தடியைப் பார்க்கில் போடலாம், திறப்பையும் எடுக்கலாம், ஆனாலும் பெட்டி பார்க்குக்கு வந்திருக்காது என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம். புஷ் கெடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் வெப்பமும் ஈரப்பதமும் உண்டு. சித்திரை வெயிலும் கடனீரேரிக் காற்றும் நமக்குக் குறைவா? திறப்பு கழன்றதே என்ற சாட்சியும் செல்லாது. திறப்பை விடுவிக்கும் பூட்டு பெரும்பாலான வாகனங்களில் தடியோடு பிணைந்தது. கீழே பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அடுத்த ஆபத்து நம் தென்மராட்சியின் தரையில் இருக்கிறது. நாவற்குழியிலிருந்து கைதடி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில் வரை கண்டி வீதியில் போய்ப் பாருங்கள். ஏற்றம் என்று சொல்ல மதகும் ரெயில் கடவையும் தவிர ஒன்றுமில்லை. கியர் விழாத வாகனமும் இங்கே நிறுத்திய இடத்தில் நிற்கும். ஹாண்ட் பிறேக் கேபிள் துருப்பிடித்து அறுந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. நுவரெலியாக்காரரின் வாகனத்தில் இந்தப் பிழை வந்தால் அடுத்த தரிப்பிலேயே காட்டிக்கொடுக்கும். தென்மராட்சி வாகனத்தில் அது ஒளிந்து கிடக்கும். கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ குடும்பத்தோடு இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் வெளியே வரும்.

வாகனங்களின் வயதும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்கப் பழைய பஜிரோ, பிராடோ, ஹைலக்ஸ், டிஃபெண்டர் எல்லாம் கைமாறிக்கொண்டே இருந்தன. ஜப்பானில் ஓடி இங்கே வந்த வாகனத்துக்குத் திருப்பி அழைக்கும் அறிவிப்பு வந்தாலும் அது பழைய சொந்தக்காரரைத் தேடித்தான் போகும், சாவகச்சேரி முகவரிக்கு வராது. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோமே என்றால், அங்கே பார்ப்பது புகையை. கியர் கேபிளை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பெரிய கம்பனிகளே இந்த விஷயத்தில் தடுமாறியிருக்கின்றன. ஜீப் கிறாண்ட் செரோக்கி உட்பட உலகெங்கும் சுமார் 11 இலட்சம் வாகனங்களை ஃபியற் கிறைஸ்லர் 2016 ஏப்ரலில் திருப்பி அழைத்தது. அவற்றில் கியர்த் தடியை எந்த நிலைக்குத் தள்ளினாலும் கையை விட்டதும் நடுவுக்குத் திரும்பிவிடும். பார்க்கில் விழுந்ததா இல்லையா என்பது கைக்குத் தெரியாது, விளக்கைப் பார்த்தால்தான் தெரியும். 2016 ஜூன் 19இல், ஸ்ரார் ட்ரெக் படங்களில் நடித்த 27 வயது அன்ரன் யெல்ச்சின், லொஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டின் சரிவான வழியில் தன் சொந்த கிறாண்ட் செரோக்கி பின்னுக்கு உருண்டு வந்து மதில் தூணோடு நசுக்கியதில் இறந்துபோனார். இதற்கும் முன்னால், 1980 இறுதியில், பார்க்கிலிருந்து தானாக றிவேர்ஸுக்கு நழுவுகின்றன என்ற முறைப்பாட்டுக்கு உள்ளான ஃபோர்ட் வாகனங்களுக்கு அமெரிக்க அரசோடு ஓர் உடன்பாடு வந்தது. சுமார் 2 கோடியே 30 இலட்சம் சொந்தக்காரர்களுக்குத் தபாலில் எச்சரிக்கை ஸ்ரிக்கர் அனுப்புவது என்பதே அந்த உடன்பாடு. திருத்தம் ஒன்றும் இல்லை, ஸ்ரிக்கர் மட்டும். கம்பனி நம்மைக் காப்பாற்றும் என்று இருப்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சரி, உங்கள் வாகனத்தில் பிழை இருக்கிறதா என்று எப்படி அறிவது? காசு செலவில்லாத சோதனை இது. ஆட்கள், பிள்ளைகள், நாய் என்று முன்னும் பின்னும் யாரும் இல்லாத சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஒரு சாண் தள்ளிக் கட்டை வையுங்கள். ஹாண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு, கால் பிறேக்கில் இருக்க, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் திறப்பை ஒன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து, தடியை ஒவ்வொரு நிலையாக மெல்ல நகர்த்துங்கள். ஒவ்வொன்றிலும் கைக்கு ஒரு 'டக்' தெரிய வேண்டும். மெத்தென்று வழுக்கிக்கொண்டு போனால் சந்தேகப்படுங்கள். தடி காட்டும் எழுத்தும் டாஷ்போட்டில் எரியும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா? வித்தியாசம் இருந்தால் டாஷ்போட்டை நம்புங்கள், ஏனென்றால் அநேக வாகனங்களில் அந்தத் தகவல் பெட்டியில் பூட்டிய சுவிட்சிலிருந்து வருகிறது. எந்த எழுத்துமே எரியாவிட்டால் பெட்டி இரண்டு நிலைக்கு இடையில் தொங்கிக்கொண்டிருக்கலாம். றிவேர்ஸில் போட்டதும் பின்பக்க வெள்ளை லைற் எரிய வேண்டும், தடியை இன்னும் கொஞ்சம் தள்ளிய பிறகல்ல.

கால் பிறேக்கிலிருந்து எடுக்காமலே, பார்க்கில் வைத்து ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். நியூற்றலில் மட்டும் எஞ்சின் பிடித்து, பார்க்கில் பிடிக்கவில்லை என்றால் கேபிள் ஒழுங்கு தப்பிவிட்டது, அல்லது பெட்டிப் பக்கச் சுவிட்ச் இடம் மாறிவிட்டது. பலர் இதை ஒரு வசதிக்குறைவாக மட்டும் எடுத்துக்கொண்டு நியூற்றலில் ஸ்ராட் பண்ணியே வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். வாகனம் கெஞ்சிச் சொல்லும் எச்சரிக்கை அது.

கடைசியாக எஞ்சினை நிறுத்தி, பார்க்கில் விட்டு, ஹாண்ட் பிறேக்கை இறக்குங்கள். ஒருவர் ஆசனத்தில் காலைப் பிறேக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்க, மற்றவர் வாகனத்தின் பக்கவாட்டில் நின்று கதவுத் தூணில் கை வைத்துத் தள்ளட்டும். முன்னாலோ பின்னாலோ நின்று தள்ள வேண்டாம். கொஞ்சம் ஆடி, பல் கொழுவியது போலப் பிடித்து நிற்க வேண்டும். கட்டைவரை உருண்டால் அன்றைக்கே கராஜ்.

கராஜில்தான் பெரிய பயம் இருக்கிறது. கேபிளைப் பார்க்க வாகனத்தின் கீழே ஒருவர் படுத்திருப்பார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஆசனத்தில் பதினெட்டு வயதுப் பெடியன். "தம்பி, றிவேர்ஸுக்குப் போடு." "போட்டிட்டன் அண்ணை." "எங்கை, இன்னொருக்காப் போடு பாப்பம்." எந்தக் கியர் விழுகிறது என்று தெரியாததால்தான் வாகனம் கராஜுக்கே வந்திருக்கிறது. தெரியாத கியரோடு ஓடும் எஞ்சினுக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டு, மேலே இருக்கும் பெடியனின் காலை நம்பிக் கிடக்கிறோம். கேபிள் சோதனைக்கு எஞ்சின் ஓடவே தேவையில்லை. எஞ்சின் நிற்க, சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை இறுக்கி, ஹாண்ட் பிறேக் இழுத்துவிட்டுத் தடியை அசைத்தாலே கீழே நெம்பு எவ்வளவு நகர்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். தடி நகர்ந்து நெம்பு நகராவிட்டால் புஷ். இரண்டும் நகர்ந்தும் நிலை தப்பினால் கேபிளின் நீளம் கூட்டிக் குறைக்கப்பட வேண்டும். நெம்பு சரியாக நகர்ந்தும் கியர் பிடிக்காவிட்டால்தான் பெட்டிக்குள் கை வைக்கும் கதை. கேபிளைப் பார்க்காமல் "பெட்டி இறக்க வேணும்" என்று சொல்லும் இடத்திலிருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புஷ்ஷுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி, சைக்கிள் ரியூப் துண்டு, பிளாஸ்ரிக் கட்டு என்று வைத்துச் சுற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. இந்தக் கைவேலையை நான் இகழமாட்டேன். 1990களின் பொருளாதாரத் தடையில் உதிரிப்பாகமும் பெற்றோலும் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகள் அவை. ஆனால் அந்தக் கார்களில் கியர் விழாவிட்டால் சாரதிக்கு உடனே தெரிந்தது, கிளச்சை விட்டதும் வாகனமே சொல்லிவிடும். இன்றைய ஓட்டோ கியரில் கம்பி அறுந்தால் தடி வழமைபோல் பார்க்கில் அழகாகப் போய் நிற்கும். புதுப் புஷ் கிடைக்கும்வரை வாகனத்தை ஓடாமல் வைப்பதே நல்லது. மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கேட்கும்போது சேசிஸ் இலக்கத்தைக் கொடுங்கள், ஒரே பெயருடைய வாகனத்துக்கே ஆண்டுக்கு ஆண்டு முனை மாறும்.

இனி நாலு சில்லும் இழுக்கும் வாகனங்களுக்கே உரிய ஆபத்து. கியர்த் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தடி இருக்கிறதல்லவா? அது கியர்ப் பெட்டிக்குப் பின்னால் உள்ள ட்ரான்ஸ்ஃபர் பெட்டியை இயக்குகிறது. பழைய டிஃபெண்டரிலும் பழைய பிராடோவிலும் ஹைக்கும் லோவுக்கும் நடுவில் அதற்கென்று ஒரு நியூற்றல் உண்டு. அந்த நியூற்றலில் சின்னத் தடி நின்றால், பெரிய தடி பார்க்கில் இருந்தாலும் முதலாம் கியரில் இருந்தாலும் வாகனம் சுதந்திரம். பார்க்கின் பூட்டு கியர்ப் பெட்டிக்குள் இருக்கிறது. சில்லுகளுக்குப் போகும் தொடர்பு அதற்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியில் அறுந்து நிற்கிறது. தனங்கிளப்புப் பக்கம் வயல் சேற்றில் லோவில் ஓடிவிட்டு, தார் வீதிக்கு ஏறியதும் அவசரத்தில் ஹைக்கு இழுக்கும்போது தடி பாதியில் நின்றுபோவது சாதாரணம். ஆசனத்தில் ஏறி விளையாடும் பிள்ளை தட்டிவிட்டாலும் போதும். அப்போது வாகனத்தைப் பிடித்து வைத்திருப்பது ஹாண்ட் பிறேக் ஒன்றுதான்.

ரயர் மாற்றும்போது இன்னும் கவனம். பழைய டிஃபெண்டரின் ஹாண்ட் பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. ட்ரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. பின்சில்லு ஒன்றை ஜக்கில் உயர்த்தியதும், டிஃபரன்ஷல் வழியாக உயர்ந்த சில்லு ஒரு பக்கம் சுற்ற, நிலத்தில் உள்ள சில்லு மறுபக்கம் சுற்றலாம். ஹாண்ட் பிறேக் இழுத்தபடியே வாகனம் ஜக்கிலிருந்து நழுவும். பார்க்கை மட்டும் நம்பி ஜக் அடிக்கும் மற்ற ஜீப்புகளுக்கும் ரூ-வீலில் இதே கதைதான். மூலைவிட்டமாக எதிர்ப்பக்கச் சில்லுக்கு இரண்டு புறமும் கட்டை வைக்காமல் ஜக்கில் கை வைக்காதீர்கள்.

ஃபோர்-வீலில் போட்ட தடி திரும்பி வரவில்லை என்பதும் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. பாதிப்பேர் தடியை உதைப்பார்கள். உதைத்து உள்ளிருக்கும் கவைகளை வளைத்துவிடுவார்கள். பிழை அநேகமாகத் தடியில் இல்லை. நடு டிஃபரன்ஷல் இல்லாத வாகனத்தை ஃபோர்-வீலில் காய்ந்த தார் வீதியில் ஓட்டினால் திருப்பங்களில் முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு தூரம் ஓட, தண்டுகளுக்குள் முறுக்கு ஏறி நிற்கும். நேராகச் சில மீற்றர் பின்னுக்கு எடுங்கள். முறுக்கு இளகியதும் தடி ஒரு விரலுக்கு வரும். முன்னுக்கு ஒரு அளவு ரயர், பின்னுக்கு வேறு அளவு என்று போட்டிருந்தால், அல்லது இரண்டு புதிது இரண்டு மொட்டை என்றால், நேர் வீதியிலேயே இந்த முறுக்கு ஏறும். ரயர் விலையைப் பார்த்து இரண்டு இரண்டாக மாற்றுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பஜிரோக்காரருக்குத் தனியாக ஒன்று. டாஷ்போட்டில் ஃபோர்-வீல் படத்தின் லைற் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால் முன்னச்சு இன்னும் கொழுவவில்லை என்று பொருள். வக்கியூம் றப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம், சொலனோயிட்டோ சுவிட்ச் முனையோ உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கலாம். பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் குழாய்களைத் தடவிப் பாருங்கள். மின்னும் லைற்றோடு சேற்றுக்குள் இறங்கினால் நீங்கள் ஓட்டுவது இரண்டு சில்லு வண்டிதான். கார்த்திகை, மார்கழி வெள்ளத்துக்குள் அச்சு மூழ்க ஓடியிருந்தால், கியர்ப் பெட்டி, ட்ரான்ஸ்ஃபர் பெட்டி, இரண்டு டிஃபரன்ஷல் எல்லாவற்றின் ஒயிலையும் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது. சூடான பெட்டி குளிர்நீரில் இறங்கும்போது மூச்சுக் குழாய் வழியாக உறிஞ்சும்.

மனுவல் கியர்க்காரருக்குச் சுருக்கமாக: எஞ்சின் ஓடும்போது கியர் விழ இறுக்கமாகி, நிறுத்தினால் லேசாக விழுந்தால் குற்றம் கிளச்சில். கிளச் ஒயில் குறைந்திருக்கிறதா, மேல் சிலிண்டரோ கீழ் சிலிண்டரோ கசிகிறதா என்று முதலில் பாருங்கள். நிறுத்தியும் இறுக்கம் என்றால் தடிப் பக்கமோ பெட்டிக்குள்ளோ. இந்தப் பிழையோடு ரெயில் கடவைக்கு வரும்போது கடவையின் நடுவில் கியர் மாற்ற வேண்டாம். இந்தப் பக்கமே முதலாம் கியரைப் போட்டு, அந்தப் பக்கம் இடம் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு ஒரே இழுவையில் கடந்துவிடுங்கள்.

தடி பார்க்கை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறதா? பிறேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் சிவப்பு லைற் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பெடலுக்கு மேலிருக்கும் சுவிட்சோ ஃபியூஸோ போய்விட்டது. பிறேக் மிதிக்காமல் தடி அசையக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அந்தச் சுவிட்சிலிருந்துதான் விடை கேட்கிறது. சின்னச் செலவு. அந்தப் பூட்டையே கழற்றி எறிந்துவிடும் கராஜ்களும் இருக்கின்றன. பிள்ளைகள் ஏறும் வாகனத்தில் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இனி நிறுத்தும் ஒழுங்கு. கால் பிறேக்கில் இருக்க நியூற்றலுக்கு வாருங்கள். ஹாண்ட் பிறேக்கை இழுத்த பிறகு காலை மெல்ல விட்டு வாகனம் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பார்க். ஏற்றத்தில் இந்த ஒழுங்கு மாறினால் பாரம் முழுதும் பெட்டிக்குள் பார்க்கைப் பூட்டும் ஒற்றைப் பல்லில் போய்த் தொங்கும். அத்தனையும் செய்த பிறகும் வாகனம் உருளத் தொடங்கினால் மறிக்கப் போகாதீர்கள். ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏறவும் முயல வேண்டாம், இரண்டு தொன் எடையை மனிதக் கை நிறுத்தாது. சத்தம் போட்டு ஆட்களை விலக்குங்கள், உருளட்டும்.

மலைநாட்டுப் பயணத்துக்கு முன் கொடிகாமத்திலோ சாவகச்சேரியிலோ ஒரு மரக்காலைக்குப் போய், நல்ல வைரமான மரத்தில் இரண்டு ஆப்புக் கட்டை அறுத்துத் தரச் சொல்லுங்கள். உயரம் சில்லின் உயரத்தில் கால்வாசியாவது இருக்கட்டும், அகலம் ரயரின் அகலம். அடிப்பக்கத்தில் பழைய ரயர்த் துண்டொன்றை ஆணியடித்துக்கொண்டால் ஈரத் தாரிலும் வழுக்காது. சாமான்களுக்கு அடியில் புதைத்து வைக்க வேண்டாம், சாரதி ஆசனத்துக்குப் பின்னால் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கட்டும்.